அடியாத மாடும் அணைத்த குட்டியும்

நம் தாத்தாக்கள் காலத்தில் 'அல்பாக்கா' என்றால் அது ஒரு கோட்டு. வக்கீல்களும் தலைமை ஆசிரியர்களும் கச்சேரி குமாஸ்தாக்களும் கறுப்பு அல்பாக்காக் கோட்டை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் வியர்த்து வழிய நடந்தார்கள். அந்தத் துணிக்கு ரோமம் கொடுத்த பிராணி எந்தத் தேசத்தில் மேய்கிறது என்று அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. கோட்டு கௌரவமாக இருந்தால் போதும், ஆடு மாடுகளின் ஜாதகம் எதற்கு? பிறகு கோட்டு போயிற்று. பெயரும் மறந்து போயிற்று. இப்போது பிராணியே நேரில் வந்துவிட்டது. கைபேசியைத் திறந்தால் நீண்ட கழுத்தும் பஞ்சு மூட்டை உடம்பும் பெரிய கரிய கண்களுமாக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பொம்மைக் கடையிலும் நிற்கிறது. குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதைக் கண்டால் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே!"

அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. அதற்கு நேர் எதிரான இன்னொரு வார்த்தையும் உண்டு. நம் ஊரில் அது பழமொழியாகவே உலவுகிறது: "அடியாத மாடு படியாது." அதோடும் எனக்குச் சண்டை. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று ஜன்ம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதை நிரூபிக்க எனக்கு ஒரு இளம் அல்பாக்காவும் அதன் முகத்தில் மாட்டுகிற ஒரு முழ வாரும் போதும்.

"இதற்கு ஒரு கட்டுரையா? நாட்டில் வேறு விஷயமே இல்லையா?" என்று கேட்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வீட்டில் குழந்தை வைத்திருக்கிறவர்கள், மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்கள், நாலு பேரை வேலை வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று கேட்டால் நஷ்டமில்லை.

முதலில் பிராணியைத் தெரிந்துகொள்வோம். அல்பாக்கா, ஒட்டகத்தின் தூரத்து உறவு. அதன் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெரு, பொலிவியா தேசங்களின் மேட்டு நிலங்களில், கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டருக்கும் மேலே, மரம்கூட முளைக்கத் தயங்குகிற குளிரில் அது மேய்கிறது. இன்றைக்கும் உலகத்து அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெரு தேசத்தில்தான் இருக்கின்றன. விக்குன்யா என்ற காட்டுப் பிராணியை மனிதன் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு அழைத்து வந்து அல்பாக்கா ஆக்கினான். சுமை தூக்குவது அதன் பெரிய சகோதரனான லாமாவின் வேலை. அல்பாக்காவின் வேலை ரோமம் தருவது. வளர்ந்தால் 50 கிலோவிலிருந்து 80 கிலோ வரை எடை வரும். பிறக்கும்போது 6, 7 கிலோ. தாய் பதினொன்றரை மாதம் சுமந்து, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டியை அங்கே 'க்ரியா' என்கிறார்கள்.

1830-களில் டைட்டஸ் ஸால்ட் என்ற பிராட்ஃபோர்டு ஆலை முதலாளி, யாரும் சீந்தாமல் கிடந்த அல்பாக்கா ரோம மூட்டைகளை வாங்கி நெய்து பார்த்தார். பணம் கொட்டிற்று. 1853-ல் ஸால்ட்டேர் என்று தம் பெயராலேயே ஓர் ஊரும் ஆலையும் எழுப்பினார். நம் தாத்தாக்களின் கோட்டு மோகமும் அந்த வழியில் வந்ததுதான். பிராணி மட்டும் மலையிலேயே இருந்தது. 1980-களில் அதையும் கப்பலேற்றினார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பணம் உள்ளவர்கள் அல்பாக்கா வளர்ப்பது ஒரு நாகரிகமாயிற்று. விலை ஏறிற்று, வீங்கிற்று. 2005-லேயே கலிஃபோர்னியாவின் பொருளாதார அறிஞர்கள் இருவர், இது சோப்புக் குமிழி என்று எழுதி எச்சரித்தார்கள். பிற்பாடு குமிழி உடையத்தான் செய்தது. ஆனால் வாங்கிய பிராணிகள் உடைந்து மறையவில்லை. ஆயிரக்கணக்கான தோட்டங்களில், ஆடு மாடு மேய்த்துப் பழக்கமில்லாத மனிதர்களின் கையில், அவை நின்றுகொண்டிருக்கின்றன. அந்த மனிதர்களின் கையில் ஒரு கயிறும் இருக்கிறது.

அந்தக் கயிற்றைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் ஹால்ட்டர் என்பார்கள். நாம் தலைக்கயிறு என்று வைத்துக்கொள்வோம். குதிரையின் கடிவாளம்போல் வாய்க்குள் இரும்பு கிடையாது. நம் காளையின் மூக்கணாங்கயிறுபோல் சதையைத் துளைப்பதும் கிடையாது. மூக்கின் மேல் ஒரு வார், காதுக்குப் பின்னால் பிடரியில் ஒரு வார், இரண்டையும் இணைக்கக் கன்னத்தில் இரு துண்டு, தாடைக்கடியில் பிடிகயிறு மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். பார்த்தால் பரம சாது. இதில் என்ன கொடுமை இருக்க முடியும் என்று தோன்றும்.

இந்தத் தலைக்கயிறு வேண்டியதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "பிராணிகளைச் சும்மா விடுங்கள், அவற்றுக்குக் கயிறே வேண்டாம்" என்று உருகுகிறவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். வீட்டுப் பிராணியின் கால் நகத்தை அவ்வப்போது வெட்ட வேண்டும்; புல்தரையில் அது தானாகத் தேயாது. ஊசி போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை ரோமம் கத்தரிக்க வேண்டும். நோய் வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அல்பாக்காவோ வேட்டையாடப்படுகிற இனம். நோயை வெளியில் காட்டாது. பலவீனத்தைக் காட்டினால் நரியும் பூமாவும் சும்மா விடுமா? முடிந்த வரை நிமிர்ந்து நின்றுவிட்டு, முடியாதபோது விழுந்துவிடும். ஆகையால் தொட்டுப் பார்க்கவும் நடத்திச் செல்லவும் பழக்காத அல்பாக்காவுக்கு வைத்தியம் பார்ப்பது, போர்க்களத்தில் வைத்தியம் பார்ப்பதுபோல. பழக்க வேண்டும். எப்படிப் பழக்குவது என்பதில்தான் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்றைக் கம்பக் கட்சி என்றும் மற்றதை மடிக் கட்சி என்றும் அழைக்கிறேன்.

கம்பக் கட்சியின் கொள்கை மிகச் சுலபமானது. பால் மறந்த ஆறு மாதக் குட்டியை மூலைக்குத் துரத்து. கழுத்தைக் கையால் இறுக்கிப் பிடி. அது திமிறத் திமிறத் தலைக்கயிற்றைத் திணி. பிறகு ஒரு கம்பத்தில் கட்டிவிட்டுப் போ. திமிறும், துள்ளும், விழும், எழும். கடைசியில் அடங்கும். அடங்கியதும் இழுத்துக்கொண்டு நட. நடக்கவில்லையா? இன்னும் பலமாக இழு. "கம்பம் கற்றுக் கொடுக்கட்டும்" என்பது இவர்கள் சித்தாந்தம்.

கம்பம் என்ன கற்றுக் கொடுக்கிறது என்று பார்ப்போம். அல்பாக்காவின் மூக்கு எலும்பு குட்டையானது. கண்ணுக்குக் கீழே கொஞ்ச தூரம்தான் எலும்பு; அதற்கப்பால் நுனி வரைக்கும் வெறும் மிருதுவான குருத்தெலும்பு. அந்தப் பிராணி மூச்சு விடுவதும் பிரதானமாக மூக்கு வழியேதான். வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்தால் அது பெரும் அவஸ்தையில் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது, பிடரி வார் தளர்வாக உள்ள ஒரு தலைக்கயிற்றை மாட்டிப் பிடிகயிற்றை இழுத்துப் பாருங்கள். பிடரி வார் முன்னால் நகரும். மூக்கு வார் எலும்பை விட்டு வழுக்கிக் குருத்தில் இறங்கும். மூச்சுக் குழல் நசுங்கும். இழுக்க இழுக்க மூச்சு முட்டும். மூச்சு முட்ட முட்டப் பிராணி திமிறும். திமிறத் திமிற எஜமானர் இன்னும் பலமாக இழுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் சொல்வார்கள்: "சரியான முரட்டுப் பிராணி!"

வாசகர்கள் இந்த இடத்தில் தயவு செய்து ஒரு விநாடி நிற்க வேண்டும். பிராணி எதிர்ப்பது எஜமானரின் அதிகாரத்தை அல்ல. அது காற்றுக்காகப் போராடுகிறது. மூச்சு முட்டுகிறவனைப் பார்த்து நாம் 'பிடிவாதக்காரன்' என்று பெயர் வைக்கிறோம். பெயர் வைத்த பிறகு, அந்தப் பெயருக்கேற்ற தண்டனையையும் கொடுக்கிறோம். அதாவது, இன்னும் இறுக்குகிறோம். இதைவிடக் கொடிய தர்க்கத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. எழுதத் துணிந்ததும் இல்லை.

"ஆனால் கடைசியில் அடங்கிவிடுகிறதே!" என்பது கம்பக் கட்சியின் கடைசி அம்பு. அடங்குகிறது, உண்மை. அந்த அடக்கம் எத்தகையது என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1967-ல் மார்ட்டின் ஸெலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பரிசோதனையே கொடுமையானதுதான், அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. கட்டிப் போட்ட நாய்களுக்கு, எது செய்தாலும் தப்ப முடியாதபடி மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அவற்றை, ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையில் விட்டார்கள். பெரும்பாலான நாய்கள் தாண்டவில்லை. முயலவேயில்லை. வழி திறந்திருந்தும் சுருண்டு படுத்துவிட்டன. இது 'கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம்' என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், மூளையின் இயக்கத்தை மேலும் ஆராய்ந்து அந்த இருவருமே தங்கள் கருத்தைத் திருத்தி எழுதினார்கள். கையாலாகாத்தனம் கற்றுக்கொள்வது அல்லவாம். நீடித்த வேதனையில் உயிர் தானாகவே விழுகிற நிலை அதுவாம். 'என்னால் எதையாவது மாற்ற முடியும்' என்பதுதான் ஓர் உயிர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாம்.

கம்பத்தில் கட்டிய குட்டி கற்றது என்ன என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அது எதையும் கற்கவில்லை. கற்பதற்கு உரிய ஒரே பாடத்தை இழந்துவிட்டது. அதன் அசையாத நிலையைப் பார்த்து எஜமானர் 'படிந்துவிட்டது' என்று மீசையை முறுக்குகிறார். படியவில்லை ஐயா, அணைந்துவிட்டது.

கிராமத்தில் நிலபுலன் உள்ள என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "நீர் பேனா பிடிக்கிறவர். கயிறு பிடிக்கிறவனைக் கேளும். நாலு ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டால் ஆச்சா? மேய்க்கிறவனுக்கு அடிக்கத் தெரிந்தால்தான் பிழைப்பு" என்றார். அவர் சொன்னபடியே கயிறு பிடிக்கிறவனைக் கேட்போம். அதுவும் இன்று நேற்றுக் கயிறு பிடித்தவனை அல்ல, இந்தப் பிராணியோடு ஆறாயிரம் வருஷம் வாழ்ந்த பரம்பரையைச் சேர்ந்தவனைக் கேட்போம்.

ஹொஸே தெ அக்கோஸ்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் பெருவில் பல வருஷம் இருந்தவர். அவர் எழுதிய பெரிய நூல் 1590-ல் ஸெவில் நகரில் அச்சாயிற்று. அதில் 'பாக்கோ' என்ற பிராணியைப் பற்றிச் சொல்கிறார். பாக்கோ என்பது அல்பாக்காவின் அக்காலத்துப் பெயர். சுமை ஏற்றி நடக்கும்போது பாக்கோவுக்குச் சில வேளை கோபம் வந்துவிடுமாம். சுமையோடு படுத்துவிடுமாம். கண்டதுண்டமாக வெட்டினாலும் எழுந்திருக்காதாம். ஸ்பானியர்கள் இதைக் கண்டு கண்டு, மனிதன் பிடிவாதம் பிடித்தால்கூட 'எம்பக்கார்ஸே', அதாவது பாக்கோவாகிவிட்டான் என்று சொல்ல ஆரம்பித்தார்களாம். அந்தச் சொல் தென் அமெரிக்க ஸ்பானிய மொழியில் இன்றும் இருக்கிறது.

சரி, படுத்த பாக்கோவை அந்நாட்டு இந்தியர்கள் என்ன செய்தார்கள்? அடித்தார்களா? இழுத்தார்களா? அக்கோஸ்தா கண்டதை எழுதியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்களாம். தடவிக் கொடுத்து, இதமாகச் சமாதானப்படுத்துவார்களாம். அதன் கோபம் தணிந்து, தானாக எழும் வரை காத்திருப்பார்களாம். சில வேளை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்கூட ஆகுமாம். அவர்கள் வேலையில்லாதவர்கள் அல்ல. பொழுது சாய்வதற்குள் சுமையைச் சேர்க்க வேண்டியவர்கள். ஜீவகாருண்ய சங்கத்து அங்கத்தினர்களும் அல்ல. அந்தப் பிராணியின் மாமிசத்தைத் தின்றவர்கள்தான். ஆனாலும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஏன்? அடித்தால் எழாது என்பது அவர்களுக்குத் தெரியும். மேய்க்கிறவனுக்குத் தெரிந்தது அது. 'அடித்தால்தான் படியும்' என்பது மேய்க்கிறவனின் அறிவல்ல, அவசரக்காரனின் அறிவு.

கம்பக் கட்சியை இத்துடன் விடுவோம். அதைத் திட்டினால் படித்தவர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள். அதனால் பெரிய லாபமில்லை. இனிமேல்தான் சங்கடம். மடிக் கட்சியைச் சேர்ந்தவர்கள் என் வாசகர்கள்; நல்ல மனிதர்கள்; கண்ணீர் சிந்தத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத்தான் நான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மடிக் கட்சியின் கதை இப்படி. தாய் இறந்த ஒரு க்ரியா. அல்லது தாய் இருந்தும், குட்டி சிநேகமாக வளரட்டும் என்று எஜமானியம்மாளே புட்டியில் பால் கொடுத்து வளர்க்கிறாள். ஆண் குட்டி. பஞ்சுருண்டைபோல் ஓடி வருகிறது. மடியில் ஏறுகிறது, முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்க்கிறது, மற்ற அல்பாக்காக்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "எங்கள் குட்டிக்குத் தான் ஓர் அல்பாக்கா என்பதே தெரியாது!" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். மேலே மோதுகிறது, சிரிக்கிறார்கள். முழங்காலால் இடிக்கிறது, படம் எடுக்கிறார்கள். தலைக்கயிறு பழக்கவும் சிரமமில்லை; கூப்பிட்டால் வருகிற குட்டிக்குக் கயிறு எதற்கு?

இரண்டு, மூன்று வயது ஆகிறது. ஆண்மை முதிர்கிறது. ஆண் அல்பாக்காக்களுக்கு இந்தப் பருவத்தில் சண்டைப் பற்கள் முளைக்கும். கொக்கிபோல் வளைந்த கூர்மையான பற்கள். இன்னோர் ஆணைக் கண்டால் நெஞ்சால் மோதி, கழுத்தால் அழுத்தி, காலைக் கடித்து வீழ்த்துவது அந்த இனத்தின் இயல்பு. நம் செல்லக் குட்டிக்கு இன்னோர் ஆண் யார்? மனிதன்தான். அதற்குத் தெரிந்த ஒரே இனம் மனித இனம். ஒரு நாள் வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போகிற எஜமானரைப் பின்னாலிருந்து மோதித் தள்ளுகிறது. கீழே விழுந்தவரைக் கடிக்கிறது. அதற்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, வன்மமும் இல்லை. தன் இனத்து ஆணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்கிறது. 'வெறி கொண்ட ஆண்' என்று இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். லாமாக்களில் முதலில் பிரசித்தமான வியாதி இது, அல்பாக்காவிலும் உண்டு. முற்றிவிட்டால் விதையடித்தும் பல வேளைகளில் குணமாவதில்லை. முடிவு என்ன தெரியுமா? பெரும்பாலும் ஊசி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

கம்பத்தில் கட்டப்பட்ட குட்டியாவது உயிரோடு இருக்கிறது. மடியில் வளர்ந்த குட்டி கொல்லப்படுகிறது. அணைத்த கையே ஊசிக்குச் சம்மதமும் கொடுக்கிறது. பிறகு அழவும் அழுகிறது. அந்த அழுகையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு யாருக்காக? குட்டிக்கு வேண்டியது பால். தன் இனத்தின் கூட்டம். வரம்பு மீறினால் உதைத்தோ துப்பியோ வரம்பு கற்பிக்கிற அத்தைமார்களும் அண்ணன்மார்களும். இவை எதையும் கொடுக்காமல், அதற்கு வேண்டாத மடியை மட்டும் கொடுத்தோம். ஏன்? நமக்கு மடி நிறைய வேண்டியிருந்தது.

இப்போது இரண்டு கட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கம்பக் கட்சிக்காரர், தாம் அதிகாரம் உள்ளவர் என்று பிராணி தமக்கு நிரூபிக்க வேண்டும் என்கிறார். மடிக் கட்சிக்காரர், தாம் நேசிக்கத் தக்கவர் என்று பிராணி தமக்கு நிரூபிக்க வேண்டும் என்கிறார். இருவர் பார்வையும் பிராணியின் மேல் இல்லை. கண்ணாடியின் மேல் இருக்கிறது. எதிரே நிற்பது தனக்கென்று ஓர் இனமும், ஒரு பயமும், ஒரு மூச்சும் உள்ள வேறோர் உயிர் என்பதை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொன்னது இதைத்தான்.

"சரி, வேறு வழி என்ன?" என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, நூதனமானதும் அல்ல. மார்ட்டி மக்கீ பென்னட் என்ற அமெரிக்கப் பெண்மணி லாமாக்களோடும் அல்பாக்காக்களோடும் பல்லாண்டு பழகி ஒரு முறையை வகுத்துப் பலருக்குக் கற்பித்திருக்கிறார். அவரும் அவரைப் போன்ற நல்ல வளர்ப்பாளர்களும் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குட்டியைத் தனியே பிரித்துத் துரத்துவதில்லை. மந்தையாகவே ஓட்டி வந்து, ஏறக்குறைய ஒன்பது அடிச் சதுரமான சிறு பட்டியில், துணைக்கு ஒன்றிரண்டு பிராணிகளோடு விடுகிறார்கள். தனிமைதான் அல்பாக்காவுக்குப் பெரிய பயம். மூலையில் நெருக்குவதில்லை, போக ஒரு வழி இருக்கிறது என்று அதற்குத் தெரியும்படி நிற்கிறார்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்புறமாக, பக்கவாட்டில் அணுகுகிறார்கள். நேர் எதிரே வந்து நிற்பது வேட்டை மிருகத்தின் பழக்கம். கழுத்தைக் கட்டிப் பிடிப்பதில்லை. தலையை இலேசாக ஏந்தி, நாலு காலிலும் நிதானமாக நிற்கிற அளவுக்கு மட்டும் பிடிக்கிறார்கள். பிராணி தடுமாறினால் பிடித்த கைதான் குற்றவாளி.

பிறகு தலைக்கயிறு. இங்கேதான் முழு சூட்சுமமும் இருக்கிறது. மூக்கு வார் கண்ணுக்கு அருகில், எலும்பின் மேல், உயரமாக இருக்க வேண்டும். பிடரி வார், மூக்கு வாரை முன்னால் நழுவ விடாத அளவுக்கு நன்றாகப் பொருந்த வேண்டும். ஆனால் மூக்கைச் சுற்றிய வளையமோ தாராளமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அது அசை போடுகிற பிராணி. தாடை அசைய இடமில்லாமல் கட்டினால் அதன் சாப்பாட்டையே கட்டிவிட்டோம் என்று பொருள். பின்னால் பொருத்தம், முன்னால் தாராளம். மாட்டியபின் விரலை வைத்து எலும்பு எங்கே முடிகிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். குட்டி மாதா மாதம் வளரும். ஆகையால் ஒவ்வொரு முறையும் அளவு பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். போட்டபடியே மேய விட்டால் வேலியில் மாட்டும். அல்லது வளர்கிற முகத்தில் புதையும்.

நடத்துவது கடைசிப் பாடம். நீளமான பிடிகயிறு, இழுபறி கிடையாது. இலேசாக ஒரு சமிக்ஞை. குட்டி யோசிக்கும். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும். அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். ஓர் அடி வைத்தால் இன்னும் தளர வேண்டும். குட்டி கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, தளர்விலிருந்து. 'நான் ஏதோ செய்தேன், அதனால் இது தளர்ந்தது' என்று அது கண்டுகொள்கிறது. என்னால் மாற்ற முடியும் என்ற அந்தப் பாடம்தான் இது. தினம் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். சில நாட்களில் கூடவே நடக்கும்.

தாயில்லாத குட்டிக்கும் வழி உண்டு. புட்டிப் பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மந்தையின் நடுவில் வைத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சாமல் திரும்பி வந்துவிட வேண்டும். இதுதான் கஷ்டம். அடிக்காமல் இருப்பதைவிடக் கொஞ்சாமல் இருப்பது கஷ்டம். அந்தப் பஞ்சுருண்டை பின்னாலேயே ஓடி வரும்போது திரும்பிப் பார்க்காமல் வேலியைச் சாத்திக்கொண்டு வருகிறவன்தான் அதன் உயிரைக் காப்பாற்றுகிறவன். அவனைப் பார்த்துக் கல்நெஞ்சன் என்று மடிக் கட்சி சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பது கடைசி ஆட்சேபம். நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டீஸ் மலையில் மந்தை வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலைக்கயிறு மாட்டி இழுத்துக்கொண்டு அலைவதில்லை. அவர்கள் மந்தையை மந்தையாகவே நடத்துகிறார்கள். கல் சுவர்ப் பட்டிக்குள் சேர்த்துக் காரியத்தை முடிக்கிறார்கள். காட்டு விக்குன்யாவைப் பிடிக்கும் 'சாக்கு' என்ற பழைய வழக்கத்தைப் பாருங்கள். இன்கா அரசர்கள் காலத்திலிருந்து வந்தது. பெருவில் 1967-ல் ஏற்பட்ட பாம்பா கலேராஸ் சரணாலயத்தில் இன்றும் நடக்கிறது. ஊர் ஜனங்கள் வண்ண நாடாக்கள் தொங்குகிற நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக, மெல்ல மெல்ல நடந்து வளைக்கிறார்கள். ரோமத்தைக் கத்தரித்துக்கொண்டு திரும்பவும் மலைக்கே விட்டுவிடுகிறார்கள். காட்டுப் பிராணியிடமே காரியம் நடக்கிறது. நேரம் போதாதது பிராணியால் அல்ல. அவசரத்தில் கெடுத்த ஒன்றைத் திருத்துவதற்குத்தான் நேரம் போதாது.

வீட்டில் குழந்தை வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவர்களுக்கு நீதி சொல்லப் போவதில்லை. குழந்தை அல்பாக்கா அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். 'பிடிவாதம்', 'முரட்டுத்தனம்', 'திமிர்' என்ற வார்த்தைகள் அடுத்த முறை நாக்கின் நுனிக்கு வரும்போது, அவற்றைச் சொல்வதற்கு முன்னால், நாம் கட்டிய வார் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை விரல் வைத்துப் பாருங்கள். எலும்பின் மேல் இருக்கிறதா, மூச்சின் மேல் இருக்கிறதா? அதைப் பார்த்த பிறகும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். பாராமலே திட்டுகிறவர்களோடுதான் என் சண்டை. அந்தச் சண்டையில் எனக்குச் சமாதானம் கிடையாது.